ஊட்டியின் பழைய நகரத்தைப் பேட்டரி வண்டியில் சுற்றிப் பார்க்க முடியுமா?

கேள்வி: போலந்தின் கிராகோவ் நகரத்துக்குப் போயிருந்தபோது பேட்டரி வண்டியில் கைடோடு பழைய நகரம் முழுவதையும் சுற்றிப் பார்த்தோம். அப்பா அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அப்பாவுக்கு மூட்டுவலி, அம்மாவுக்கு மேடு ஏறினால் மூச்சு வாங்கும். ஊட்டியையும் அதே மாதிரி பார்க்க முடியுமா? கோவையிலிருந்து எங்கள் மின்சார காரில் வருகிறோம்.

பதில்:

கிராகோவ் மாதிரி ஏற்பாட்டை எதிர்பார்த்து வராதீர்கள். ஆனால் அதைவிடக் குறையாத ஒரு காலைப் பொழுதை உங்கள் காரை வைத்தே அமைத்துக்கொள்ளலாம். எப்படி என்று சொல்கிறேன்.

கிராகோவில் அந்த வண்டிகளை எல்லோரும் ‘மெலெக்ஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அது போலந்திலேயே 1971 முதல் இந்த வண்டிகளைத் தயாரிக்கும் கம்பெனியின் பெயர். பல வண்டிகளில் பதிவு செய்த விளக்கம் பல மொழிகளில் ஓடும், வண்டி பழைய நகரத்தையும் யூதர்கள் வாழ்ந்த கசிமியெஷ் பகுதியையும் மெதுவாகச் சுற்றி வரும். அது அங்கே சரிப்பட்டு வருவதற்கு முதல் காரணம், விஸ்துலா ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரின் தரை கிட்டத்தட்ட சமதளம். ஊட்டியில் சமதளம் என்றால் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள பள்ளமான பகுதிதான். அதுவும் ஒரு காலத்தில் ஏரி. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நம் ஊரில் பேட்டரி கார் என்று சொல்வது ரயில்வே பிளாட்பாரத்திலும் பூங்காக்களிலும் கோயில் வளாகங்களிலும் ஓடும் வண்டியை. அதை ஊட்டித் தெருவில் விட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள வண்டி, எட்டடிக்கு ஓரடி உயரும் மேட்டில், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கே 4 கிலோவாட்டுக்கு மேல் சக்தி வேண்டும். அந்த வண்டிகளின் மோட்டார் பெரும்பாலும் அந்த அளவுதான் இருக்கும். ஏறி முடிப்பதற்குள் மோட்டார் சூடாகிவிடும். இறக்கத்தில் அந்தச் சின்ன பிரேக்கை நம்பி எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்குப் பகீரென்கிறது. சாலையில் ஓடச் சட்டப்படி அனுமதி உள்ள இ-ரிக்‌ஷாவை எடுத்துக்கொண்டாலும், அதற்கு வைத்திருக்கும் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர், டிரைவர் தவிர 4 பேர். கோவையிலோ மதுரையிலோ அது நன்றாக ஓடும். ஊட்டியின் நடுச் சந்திப்பான சேரிங் கிராஸிலிருந்து மேலே போகிற எந்தத் தெருவிலும் பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவான்.

ஆகவே உங்கள் காரே போதும். பேட்டரி வண்டியில் உங்கள் அப்பா அம்மாவுக்குப் பிடித்த விஷயம் பேட்டரியாக இருக்காது என்பது என் ஊகம். மெதுவாகப் போனது, வேண்டிய இடத்தில் நின்றது, எஞ்சின் சத்தம் இல்லாததால் கைடு பேசியது காதில் விழுந்தது, இந்த மூன்றும்தான். மூன்றையும் ஊட்டியில் காலை ஏழு மணிக்கு உங்கள் காரில் பெறலாம். பத்து மணிக்குப் பெற முடியாது. சீசனில் பத்து மணிக்குக் கமர்ஷியல் ரோட்டில் மாட்டிக்கொண்டால் மின்சார கார் என்ன, மாட்டு வண்டி என்ன, எல்லாம் ஒன்றுதான்.

முதலில் மலை ஏறும் கணக்கு, ஏனென்றால் மின்சார காரில் வருகிற எல்லோருக்கும் இருக்கிற பயம் இதுதான். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், ஊட்டி சுமார் 2,240. அதாவது 1,900 மீட்டர் உயரம். ஆட்கள், பெட்டி எல்லாம் சேர்த்து 1,800 கிலோ வருகிற காரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் 9 யூனிட்டுக்குக் கொஞ்சம் அதிகமாக ஆகும். வீட்டு மீட்டரில் வருகிற அதே யூனிட்தான். மோட்டாரில் வீணாவது, 50 கிலோமீட்டர் சக்கரம் உருளுவது எல்லாம் சேர்த்து 15 முதல் 17 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமவெளியில் அதே தூரத்துக்கு ஆவதைப் போல இரண்டு மடங்கு அல்லது அதற்கு மேல். 40 யூனிட் பேட்டரி உள்ள காரில் மேட்டுப்பாளையத்தை முக்கால்வாசி சார்ஜோடு தாண்டினால் கவலையே வேண்டாம். சின்ன பேட்டரி என்றால் அடிவாரத்திலேயே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். பர்லியாறு தாண்டியதும் திரையில் மீதமுள்ள கிலோமீட்டர் கடகடவென்று இறங்கும், பதறாதீர்கள். அப்போது சார்ஜ் செலவாகிற வேகத்தை வைத்தே கார் மீதித் தூரத்தையும் கணக்குப் போட்டுக் காட்டும். குன்னூர் தாண்டியதும் அந்த எண் கொஞ்சம் நிதானமாகும்.

ஊட்டியில் இரவு தங்கும் இடத்தில் 15 ஆம்ப் பிளக் ஒன்று கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று புக் செய்யும்போதே கேளுங்கள். அதில் மணிக்கு 3 யூனிட் அளவுக்கு ஏறும், ராத்திரி முழுக்கப் போட்டால் நகரம் சுற்றத் தேவையானதைவிடப் பல மடங்கு கிடைத்துவிடும். பழைய பங்களாக்களை ஹோட்டலாக மாற்றிய இடங்களில் வயரிங்கும் பங்களா வயசுதான் இருக்கும், அதனால் ‘பிளக் இருக்கு சார்’ என்ற பதிலோடு விட்டுவிடாமல், அதில் கீசர் ஓடுமா என்று கேளுங்கள். ஓடும் என்றால் காரும் சார்ஜ் ஆகும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது இங்கே சகஜம், ஆகவே கடைசி நாள் ராத்திரியை நம்பிச் சார்ஜைத் தள்ளிப்போட வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் பேட்டரி கொஞ்சம் சோம்பலாக இருக்கும், ஹீட்டரும் தன் பங்குக்குத் தின்னும். நகரச் சுற்று முழுவதும் பத்து கிலோமீட்டர் அளவுதான் என்பதால் அது ஒரு பொருட்டில்லை.

நீலகிரிக்கு வெளியே பதிவான வண்டிக்கு இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. கிளம்புவதற்கு முன்பே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் கோடை சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பு வைக்கிறார்கள். இன்னொன்று, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம். செக்போஸ்டில் பிடுங்குவார்கள், அபராதமும் உண்டு. எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள், ஊருக்குள் வாட்டர் ஏடிஎம் இருக்கிறது.

அப்புறம் கைடு. ஊட்டியில் ‘லோக்கல் சைட்சீயிங்’ என்று ஏற்றிக்கொண்டு போனால் தாவரவியல் பூங்கா, ரோஜா பூங்கா, தொட்டபெட்டா, போட் ஹவுஸ், சாக்லேட் கடை என்று ஒரு வட்டம் போட்டு இறக்கிவிடுவார்கள். தப்பில்லை, பெரும்பாலோர் கேட்பது அதைத்தான். நீங்கள் கைடைப் பேசும்போதே, “பாயிண்ட் வேண்டாம், பழைய ஊரைக் காட்டுங்கள், ஸ்டோன் ஹவுஸிலிருந்து ஆரம்பிக்கலாம்” என்று சொல்லிவிடுங்கள். ஸ்டோன் ஹவுஸ் என்றதும் முகம் மலர்ந்தால் அவரை வைத்துக்கொள்ளுங்கள். ‘அங்கே என்ன சார் இருக்கு’ என்றால் வேறு ஆளைப் பாருங்கள். கைடு முன்சீட்டில், அப்பா அம்மா பின்சீட்டில் உட்காரட்டும். கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள்.

ஸ்டோன் ஹவுஸிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ஊர் அங்கேதான் ஆரம்பித்தது. இரண்டு, அது மேட்டில் இருக்கிறது. ஏரி பள்ளத்தில் இருக்கிறது. மேலிருந்து கீழே போனால் சரித்திரமும் வரிசையாக வரும், வண்டிக்கும் வேலை குறைவு.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சலிவன் 1819இல் இந்த மலைக்கு வந்தார். அதற்கு முந்தைய வருடம் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, மேலே இங்கிலாந்து மாதிரி குளிர் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். சலிவன் முதலில் கோத்தகிரிப் பக்கம் தங்கினார், பிறகு இங்கே நகர்ந்து 1822இல் ஸ்டோன் ஹவுஸைக் கட்டத் தொடங்கினார். இந்த மலையின் பழங்குடிகளான தோடர்கள் அதைக் ‘கல் பங்களா’ என்றார்கள். மூங்கிலும் பிரம்பும் புல்லும் வைத்து அரைவட்டக் கூரை போடும் மக்களுக்கு, கல்லை அடுக்கி ஒருவர் வீடு கட்டுவது விசித்திரமாகத்தான் இருந்திருக்கும். நிலத்தை ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்ற கணக்கில் தோடர்களிடம் வாங்கினார் என்று சொல்வார்கள். இன்று அந்தக் கட்டடம் அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. கல்லூரி என்பதால் முன்வாசலில் அனுமதி கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டாலும் அந்த மேட்டில் காரை ஓரம் கட்டிக் கீழே பார்த்தால் போதும். அந்த மனிதர் எதற்காக இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது சொல்லாமலே விளங்கும்.

இங்கே கைடிடம் ஒன்று கேளுங்கள்: சலிவனுக்கும் கவர்னர் லஷிங்டனுக்கும் என்ன தகராறு? நல்ல கைடாக இருந்தால் இதில் கால் மணி நேரம் பேசுவார். சலிவன் இந்த மலையைப் பண்ணையும் தோட்டமும் உள்ள ஊராகப் பார்த்தார், கூடவே நிலத்தில் தோடர்களுக்கு உரிமை உண்டு என்றும் வாதாடினார். ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன் சென்னை கவர்னராக வந்ததும், நோயுற்ற வெள்ளைக்காரச் சிப்பாய்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ளும் ராணுவ வாசஸ்தலமாக இதை மாற்ற முனைந்தார். 1830இல் மலையின் பெரும்பகுதியையே கோயம்புத்தூரிலிருந்து பிரித்து மலபார் மாவட்டத்தோடு சேர்த்தார்கள். ஊரை உண்டாக்கியவர் கையிலிருந்து ஊர் போய்விட்டது. அது மறுபடி கோவையோடு சேர்ந்தது 1843இல்.

இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த நிறுத்தமான புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு வாருங்கள். மைசூர் போகிற சாலையில் இளமஞ்சள் நிறத்தில் நிற்கும். 1829 ஏப்ரல் 23 அன்று, நான்காம் ஜார்ஜ் மன்னரின் பிறந்தநாள் கொண்டாட்டத்தோடு, இதற்கு அடிக்கல் வைத்தவர் அதே லஷிங்டன். அவர் முதல் பெயரும் ஸ்டீபன் என்பதைக் கைடுகள் சிரித்துக்கொண்டே சுட்டிக்காட்டுவார்கள். 1830 நவம்பரில் கல்கத்தா பிஷப் வந்து பிரதிஷ்டை செய்தார், 1831 ஈஸ்டரில் வழிபாடு தொடங்கியது. கேப்டன் அண்டர்வுட் என்ற ராணுவ அதிகாரி கட்டியது.

உள்ளே போனதும் எல்லோரும் வண்ணக் கண்ணாடியைப் பார்ப்பார்கள். நீங்கள் அண்ணாந்து உத்தரங்களைப் பாருங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையை இடித்து எடுத்த மரம் அது. திப்பு 1799இல் போரில் இறந்தார். முப்பது வருடம் கழித்து அவருடைய வீட்டு மரம், அவரைத் தோற்கடித்தவர்களின் கோயிலுக்குக் கூரையாக இந்த மலையில் ஏறியிருக்கிறது. அதுவும் ரயில் இல்லாத, நல்ல சாலை இல்லாத காலத்தில். அப்பா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே இதைப் பார்க்கலாம்.

பின்பக்கம் கல்லறைத் தோட்டம் சரிவில் மேலே ஏறுகிறது. அம்மாவை அங்கே ஏற்ற வேண்டாம், நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். சலிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் மகளும் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். எந்தக் கவர்னர் தன்னை ஓரம் கட்டினாரோ அவர் அடிக்கல் வைத்த தேவாலயத்தின் பின்னால் தன் வீட்டு மனுஷிகளைப் புதைக்க வேண்டிவந்தது சலிவனுக்கு. அவர் இங்கிலாந்து திரும்பி 1855இல் இறந்தார். ஊட்டியில் ஓர் இடத்தைத்தான் பார்க்க முடியும் என்று யாராவது சொன்னால் நான் இந்தத் தேவாலயத்தைத்தான் சொல்வேன், பூங்காவைச் சொல்ல மாட்டேன்.

அங்கிருந்து கீழே இறங்கும் வழியில் கலெக்டர் அலுவலகம், நீதிமன்றம், பிரீக்ஸ் பள்ளி எல்லாம் அடுத்தடுத்து வரும். இறங்க வேண்டியதில்லை, வண்டியை மெதுவாக விட்டாலே போதும். நீலகிரி தனி மாவட்டமாக 1868இல் பிரிந்தபோது வந்த முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். அவர் நினைவாக வந்தது பள்ளி. இந்த மலைப் பழங்குடிகளையும் பழைய கற்சின்னங்களையும் பற்றி அவர் எழுதிய புத்தகம் அவர் இறந்த பிறகு 1873இல் வெளிவந்தது. பக்கத்திலேயே நீலகிரி நூலகம். 1859இல் தொடங்கியது, கட்டடத்தை வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைப் பார்த்திருந்தால் அவர் கைவண்ணம் தெரிந்திருக்கும். உள்ளே போவது உறுப்பினர்களுக்குத்தான் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. ஊட்டி கிளப்பும் அப்படித்தான், வெளிவாசலோடு சரி. ஸ்நூக்கர் ஆட்டத்துக்கு விதிகள் எழுதி மாட்டிய இடம் என்று கைடு சொல்வார். நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி, 1880களில். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சேம்பர்லின் வேறு ஆள், சில கைடுகள் இரண்டு பேரையும் குழப்பிவிடுவார்கள்.

சேரிங் கிராஸில் நடுவே இருக்கிற நீரூற்று, 1881இல் இங்கேயே இறந்துபோன கவர்னர் வில்லியம் பாட்ரிக் ஆடம் நினைவாக 1886இல் வைத்தது. அவர் கல்லறை ஏரிப் பக்கம் புனித தாமஸ் தேவாலயத்தில் இருக்கிறது, அந்தப் பக்கம் போகும்போது அதையும் பார்க்கலாம். கோடைக்கு மொத்த சென்னை மாகாண அரசாங்கமும் பைலும் பியூனுமாக மலையேறி வந்துவிடும் காலம் அது. கவர்னரே ஊட்டியில் இறந்ததில் ஆச்சரியம் இல்லை.

தாவரவியல் பூங்காவுக்கு எட்டு மணிவாக்கில் போய்ச் சேர்ந்தால் நல்லது. இதன் ஆரம்பம் சாதாரணமானது. இங்கே குடியேறிய வெள்ளைக்காரர்கள் மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டுக் காய்கறி விளைவித்துப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பிறகு 1848இல் வில்லியம் கிரகாம் மெக்ஐவர் வந்து, தொட்டபெட்டாச் சரிவைப் படிப்படியாக வெட்டிப் பூங்காவாக்கினார். சுமார் 22 ஹெக்டேர். மலர்க் கண்காட்சி 1896இலிருந்து நடக்கிறது. அந்த மே மாத வாரத்தில் உங்கள் அப்பா அம்மாவைக் கூட்டி வராதீர்கள், கூட்டத்தில் பூவைவிடத் தலைதான் அதிகம் தெரியும். உள்ளே முதியோருக்கு வண்டி ஓடுகிறதா என்று டிக்கெட் கவுண்ட்டரிலேயே கேளுங்கள். ஓடாவிட்டாலும் கீழ்ப் புல்வெளியும், இரண்டு கோடி வருடத்துக் கல்மரமும் அதிகம் ஏறாமல் பார்க்கக்கூடியவை. கல்மரத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், பட்டையின் வரிகள்கூடக் கல்லாகவே நிற்கும்.

பூங்காவுக்கு மேலே இருக்கிறது மஞ்சக்கல் மந்து. தோடர்கள் இன்றும் வாழும் குடியிருப்பு. இந்தச் சுற்றில் நான் கைடுகளிடம் சண்டை போடுவது இங்கேதான். ‘ட்ரைபல் வில்லேஜ் பார்க்கலாம் சார்’ என்று காட்சிப் பொருள் மாதிரி கூட்டிப்போவார்கள். அது யாரோ ஒருவரின் வாசல். கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம், கோயிலுக்குள் வெளியாட்கள் போகக் கூடாது, கிட்டேயும் நெருங்க வேண்டாம். பேச விருப்பம் உள்ளவர்கள் இருந்தால் எருமையைப் பற்றிக் கேளுங்கள், அவர்கள் சடங்கும் கணக்கும் அதைச் சுற்றித்தான். சிவப்பும் கறுப்பும் நூலால் வெள்ளைத் துணியில் போடும் தோடர் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று தெரியாத அளவுக்கு இரண்டு பக்கமும் சுத்தமாக இருக்கும். வாங்குவதாக இருந்தால் அவர்களிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு பேரைப் பற்றியும் நிதானமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி முத்தொரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. இன்னொரு மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பிக் கமர்ஷியல் ரோடு வழியாக மார்க்கெட்டுக்கு வரும்போது பசி எடுத்திருக்கும். டீயும் ஊட்டி வர்க்கியும் சாப்பிடுங்கள். வர்க்கியைக் கடித்தால் பாதி சட்டையில்தான் விழும், டீயில் முக்கிச் சாப்பிடுவதுதான் மரியாதை.

மார்க்கெட் தாண்டிப் பேருந்து நிலையம், ரயில் நிலையம், பந்தயத் திடல் என்று விரியும் அந்தச் சமதளத்துக்கு வந்ததும் வண்டியை நிறுத்தி, இது எல்லாம் தண்ணீராக இருந்தது என்று அப்பாவிடம் சொல்லுங்கள். சலிவன் 1820களில் ஓடைகளை மறித்து ஏரியை உண்டாக்கியபோது அது இப்போது இருப்பதைவிட ரொம்பப் பெரியது. கரை கரையாக நிரப்பி, மேலே பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் வந்தன. மிச்சம் இருப்பதில்தான் நாம் படகு விடுகிறோம். பலத்த மழை பெய்தால் இந்தப் பள்ளத்தில் முழங்கால் தண்ணீர் நிற்பதற்கு நகராட்சியை மட்டும் திட்டிப் பயனில்லை, தண்ணீர் தன் பழைய இடத்துக்கு வருகிறது. சுமார் 52 ஏக்கர் பந்தயத் திடலைக் குத்தகைப் பாக்கி விவகாரத்தில் 2024இல் அரசு கையகப்படுத்தியது. அந்த இடத்தில் கொஞ்சமாவது மழைநீர் தங்க விடுவார்கள் என்று எனக்கு ஆசை.

ரயில் நிலையத்தில் ரயிலைப் பார்ப்பதோடு விடாமல், முடிந்தால் அப்பா அம்மாவை ஏற்றிவிடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் வந்த பாதை 1908இல் ஊட்டியைத் தொட்டது. மொத்தம் சுமார் 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை. யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 2005இல். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு ஓரடி ஏற்றம், அங்கேதான் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் இருக்கும், நீராவி எஞ்சின் தள்ளும். ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே டீசல் எஞ்சின், பல்சட்டம் கிடையாது. சுத்தமான ரயில் ரசிகர்கள் இதைக் கேட்டு மூக்கைச் சுளிப்பார்கள். மூட்டுவலிக்காரருக்கு இதுதான் தோது: ஒரு மணி நேரச் சொச்சத்தில் லவ்டேல், கேத்தி, அரவங்காடு, வெலிங்டன் வழியாகக் குன்னூர் போய்விடும். கேத்திப் பள்ளத்தாக்கு ஜன்னலுக்குக் கீழேயே விரியும். நீங்கள் காரை எடுத்துக்கொண்டு குன்னூர் ஸ்டேஷனில் காத்திருங்கள். டிக்கெட் முன்பதிவு மட்டும் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

மின்சார கார் ஓட்டும் உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. மஞ்சு இறங்கிய காலையில் உங்கள் வண்டி வருவது யாருக்கும் கேட்காது. சாலையோரம் நடக்கிற பள்ளிக் குழந்தைகளுக்கும் கேட்காது, காட்டு மாட்டுக்கும் கேட்காது. காட்டு மாடு இப்போதெல்லாம் ஊருக்குள்ளேயே வந்து தேயிலைத் தோட்ட ஓரத்தில் நிதானமாக நிற்கும். திருப்பத்தில் சின்னதாக ஹாரன் அடியுங்கள். மாடு நின்றால் அடிக்காதீர்கள், அதுவாக நகரட்டும். மலைச்சாலையில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

இறங்குவதற்குச் சீசனில் பெரும்பாலும் கோத்தகிரி வழியாகத்தான் விடுவார்கள், குன்னூர்ப் பாதை ஏறுவதற்கு மட்டும். மசினகுடி போகிற கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு, வெளியூர் வண்டிக்கு இறங்க அனுமதி இல்லை, மேப் காட்டினாலும் போகாதீர்கள். கோத்தகிரி வழி உங்களுக்கு நல்லதுதான். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கு என்ற ஊரில், சலிவன் ஊட்டிக்கு வருவதற்கு முன்பு கட்டிய பங்களாவைச் சீர்படுத்தி நினைவகமாக வைத்திருக்கிறார்கள். ஸ்டோன் ஹவுஸின் உள்ளே போக முடியாமல் போயிருந்தால் இதைத் தவற விடாதீர்கள்.

கிளம்பும் நாள் காலையில் பேட்டரியை 100 விழுக்காடு நிரப்பாதீர்கள். இறக்கத்தில் காலை எடுத்தால் மோட்டாரே வண்டியைப் பிடித்து, அந்தச் சக்தியைப் பேட்டரிக்குள் அனுப்பும். பேட்டரி நிறைந்திருந்தால் அதற்கு இடம் இருக்காது, வண்டி பிடிப்பை விட்டுவிடும், நீங்கள் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்க வேண்டியிருக்கும். ஊட்டி மலைப்பாதையில் லைனிங் கருகும் அந்த நாற்றம் பெரும்பாலும் அப்படிப் பிரேக்கையே மிதித்து இறங்கும் வண்டிகளிலிருந்து வருவது. ஊட்டியிலிருந்து தொட்டபெட்டா ஜங்ஷன் வரை முதலில் ஏற்றம், அதில் கொஞ்சம் செலவாகும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் இறக்கத்தில் சார்ஜ் குறையாது, கூடவே செய்யும். 80இல் கிளம்புங்கள், போதும்.